இரண்டாவது வரி

புது டீவி வாங்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் முதலில் சொன்னது அம்மா. என்னைக் கலக்கியது அதுதான். அப்பா சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு தீபாவளி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அம்மா எதையும் கேட்கிறவள் இல்லை. செமோர் பக்கத்தில் நாங்கள் இருந்த, ரப்பர் பால் எடுக்கிற கித்தாத் தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டு, நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் இந்த மலிவு வீட்டில் குடியேறிய அன்றுகூட, "ஜன்னலுக்கு ஒரு துணி போட்டா போதும்" என்று மட்டும்தான் சொன்னாள். அப்படிப்பட்டவள் 1987ஆம் வருடம், தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, பசியாறிக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னாள்:

"அந்தப் பொட்டிய மாத்திறலாம்ங்க. கீழ எழுத்தே தெரியல."

அப்பா ரொட்டியைத் தேத்தண்ணீரில் நனைத்தார். "எழுத்து தெரிஞ்சு நீ என்னா பண்ணப் போற? பரீச்ச எழுதப் போறியா?"

"எழுத்து தெரியணும். அவ்வளவுதான்."

எங்கள் பழைய டீவி நான்கு கால் வைத்த மரப்பெட்டி. இரண்டு பக்கமிருந்தும் இழுத்து மூடும் கதவு உண்டு, அதற்குப் பூட்டும் உண்டு. தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்தில் வாங்கியது, கறுப்பு வெள்ளை. வயதானதும் அதில் படம் கீழே சரிந்துவிட்டது. ஆட்களின் தலைக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை. அவர்களுடைய கால்கள் மரச்சட்டத்துக்குள் இறங்கியிருக்கும். படத்தின் அடியில் ஓடும் மலாய் எழுத்தில் முதல் வரிதான் தெரியும். இரண்டாவது வரி மரத்துக்குள் போய்விடும். முதல் வரியிலும், கண்ணாடி வளைந்து பின்னால் போகிற இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு சொல் காணாமல் போகும்.

என் அப்பா பெயர் பத்துமலை. ஒரு பஸ் கம்பெனியில் மெக்கானிக். அம்மா வீரம்மா மெங்லெம்புவில் கச்சான் ஆலையில் கடலை பொறுக்குகிறாள். இருவரும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டு மூன்று வருடம் படித்தவர்கள். மலாய் பேச வரும். ஓடுகிற எழுத்தைப் பிடித்துப் படிக்க வராது. அதனால் ஹாங்காங்கிலிருந்து வரும் சீனத் தொடரோ இந்திப் படமோ எதுவானாலும், நான் டீவிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்வேன். ஒன்பது வயதில் ஆரம்பித்த வேலை. இப்போது எனக்குப் பதினேழு. "சொல்லு பாப்பா" என்பாள் அம்மா. பிறப்புப் பத்திரத்திலும் என் பெயர் பாப்பாதான். பதிய வந்த தோட்டத்துக் கிராணி பெயர் கேட்டபோது அப்பா யோசித்துக்கொண்டே நின்றாராம். கிராணிக்குப் பொறுமை இல்லை.

காணாமல் போன வரிகளுக்கு என்ன ஆனது என்பதுதான் விஷயம். முதலில் ஊகித்துச் சொன்னேன். பிறகு ஊகிப்பதையும் விட்டுவிட்டேன். ஈப்போ நூலகத்தில் ஒரு அலமாரி முழுக்கத் தமிழில் மொழிபெயர்த்த வெளிநாட்டு நாவல்கள் இருந்தன. ருஷ்யாவிலிருந்து வந்த கனத்த அட்டைப் புத்தகங்கள்தான் அதிகம். அவற்றில் ஆட்கள் எப்படிப் பேசினார்களோ அப்படியே ஹாங்காங்காரர்களையும் பேச வைத்தேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவர், "என் ஆத்மாவின் துயரம் உனக்கு விளங்காது, மகனே" என்றார். "இவன் என்னா நாடகக்காரன் மாதிரி பேசுறான்" என்று அப்பா கேட்டார். காற்றடிக்கிற நாளில் கூரைமேல் ஏரியல் ஆடி, படம் முழுக்க வெள்ளைப் புள்ளி விழும். பனி கொட்டுகிறது என்று சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஹாங்காங்கில் நான்கு வருடமாகப் பனிக்காலம்.

இதெல்லாம் விளையாட்டு. ஒன்று மட்டும் விளையாட்டில்லை.

மாலை ஆறு மணிக்கு ஒரு தொடர் வரும். துறைமுகத்து ஓரமாக, சோயா மொச்சையை அரைத்துச் செய்யும் தவுஃபூ கடை வைத்திருக்கும் ஒரு விதவைத் தாய், அவளுக்கு இரண்டு மகன்கள். சின்னவன் கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். மார்ச் மாதத்தில் ஒருநாள் ஒரு கடிதம் வந்தது. மூத்தவன் அதைப் பிரித்துத் தாய்க்குப் படித்துக் காட்டினான். 'அவனுடைய கப்பல்' என்று முதல் வரி ஆரம்பித்தது. மிச்சம் மரத்துக்குள். ஆனால் அந்தத் தாயின் முகம் மரத்துக்கு மேலேதான் இருந்தது. படிக்க வேண்டிய தேவையே இல்லை.

"என்னாவாம் பாப்பா?" என்று அம்மா கேட்டாள்.

அம்மாவுக்கு ஒரு தம்பி உண்டு. பெயர் சதாசிவம். நான் பிறந்த வருடம், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு இனி வேலை பெர்மிட் இல்லை என்றானபோது, பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினம் போனவர். சில வருடம் கடிதம் போட்டார். 1979க்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அம்மாவும் யாரிடமும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. கடைசிக் கடிதம் ஒரு பிளாஸ்டிக் பையில் மடித்து, அரிசி டின்னுக்கு அடியில் இருக்கிறது. டின்னை நகர்த்திக் கூட்டுகிற நாளில் அதை எடுத்துத் தட்டி, மறுபடியும் அங்கேயே வைப்பாள். அதைப்பற்றி வீட்டில் பேச்சே கிடையாது.

"வேற கப்பல்ல ஏறிட்டானாம்மா. ரொம்பத் தூரமாம். வர நாளாகுமாம்" என்றேன்.

"அதுக்கு ஏன் அழுவுறா?"

"சந்தோசத்துல."

மறுநாள் அந்தத் தாய் சட்டைக் கையில் சின்னதாக ஒரு சதுரத் துணியைக் குத்தியிருந்தாள். அது என்ன என்று அம்மா கேட்டாள். தூர தேசம் போனவர்கள் திரும்பி வரும்வரை அங்கே அப்படிக் குத்திக்கொள்வார்கள் என்றேன். அம்மா தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் சின்னவனை நான் உயிரோடு வைத்திருந்தேன். அவனைக் கடிதம் எழுத வைத்தேன். ஒருமுறை காய்ச்சல் கொடுத்து, மூன்றே நாளில் குணமாக்கினேன்.

இப்போது அம்மாவுக்கு எழுத்து முழுசாகத் தெரிகிற டீவி வேண்டும். அவளுக்கே படிக்க வராது, சரி. ஆனால் பக்கத்து வீட்டுப் பதுருன்னிசா அக்காவுக்கு வரும். மலாய்ப் பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்தவர். அவருடைய கணவர் நஜ்முதீன் அண்ணன் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். அங்கே கல்லாவில் உட்காருவது அக்காதான். "உங்க டீவி பார்த்தா எனக்குக் கழுத்து சுளுக்கிக்கும்" என்று இத்தனை நாள் எங்கள் வீட்டில் வந்து உட்காரவில்லை. புது டீவி வந்தால் முதல் ஆளாக வருவார். வந்தால் அவர் வாய் சும்மா இருக்காது. சின்னவன் எப்போதோ செத்துப்போனான் என்பது அம்மாவுக்கு அவர் வாயால் தெரியவரும். அதோடு சேர்த்து வேறு எதை அம்மா நினைத்துக்கொள்வாள் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறி ஆ லோக்கின் டீவி கடைக்குப் போனோம். ஆ லோக்கின் அப்பா எங்கள் தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதனால் கடை முதலாளியான இந்தச் சீனத் தவுக்கேக்குத் தமிழ் நன்றாகவே வரும். நான் பஸ்ஸிலேயே ஒரு திட்டம் போட்டிருந்தேன்: ஓரத்தை மறைக்கிற பழைய மாதிரி மரப்பெட்டியையே மறுபடியும் வாங்க வைப்பது.

"அப்பா, கதவு வச்சதா பாருங்கப்பா. தூசி விழாது."

"அதானே" என்றார் அப்பா. "கதவில்லாம எப்படிலா? யாராச்சும் வந்தா மூடி வைக்க வேணாம்?"

ஆ லோக் சிரித்தார். "அண்ணே, கதவு வச்ச டீவி இப்ப எவனும் செய்றதில்ல. ஒன்னே ஒன்னு பின்னால ஸ்டோர்ல இருக்கு. ஆறு வருசமா தூங்குது."

"அத எழுப்பிப் பார்க்கலாமே" என்றேன்.

அதற்குள் அம்மா கடைக்குள் போய்விட்டிருந்தாள். சுவர் நெடுக டீவிகள்; எல்லாவற்றிலும் ஒரே படம், வேறு வேறு நிறத்தில். அம்மா ஒவ்வொன்றின் முன்னாலும் குந்தி உட்கார்ந்து, படத்தைப் பார்க்காமல் அதன் கீழ் விளிம்பை மட்டும் பார்த்தாள். மார்க்கெட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி.

"யக்கா, என்னா தேடுறீங்க?" என்று ஆ லோக் கேட்டார்.

"எழுத்து. முழுசா வரணும் தவுக்கே. பாதி முழுங்கக் கூடாது."

ஆ லோக் மேசையிலிருந்து ஒரு மர அளவுகோலை எடுத்து வந்தார். ஒரு டீவியின் கண்ணாடியில் அதைக் குறுக்காக வைத்தார். நடுவில் ஒட்டியது, இரண்டு முனையிலும் விரல் நுழையும்படி இடைவெளி இருந்தது.

"இது வயிறு தள்ளின டீவி. அண்ணே மாதிரி."

அப்பா வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பிறகு ஆ லோக் தனியாக ஒரு மேடையில் வைத்திருந்த பெரிய கறுப்பு டீவியிடம் எங்களைக் கூட்டிப்போனார். "இது புதுசு. முகம் தட்டை. நாலு மூலையும் சதுரம்." அளவுகோலை வைத்தார். முனைகளில் ஒரு தாளைச் செருகலாம், அவ்வளவுதான் இடைவெளி. "இதுல ஒன்னும் ஒளியாது யக்கா. என்னா எழுதியிருக்கோ பூரா தெரியும்."

ஒன்றும் ஒளியாது.

"தட்டையா இருந்தா கண்ணுக்குக் கெடுதல்னு சொல்றாங்க" என்றேன்.

"யாரு?" என்றார் ஆ லோக்.

"புத்தகத்துல போட்டிருந்துச்சு."

"எந்தப் புத்தகம் தங்கச்சி? நான் விக்கிற சாமான், எனக்கே தெரியல."

அம்மா சட்டென்று எழுந்து என் பக்கம் திரும்பினாள். "கண்ணுக்குக் கெடுதலா? நெசமாவா?" அவள் முகத்தில் அப்படி ஒரு கவலையை நான் எதிர்பார்க்கவில்லை. இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தட்டை டீவி அங்கேயே நின்றிருக்கும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொல்ல வரவில்லை.

"தெரியலம்மா. வேற எதையோ நெனச்சிக்கிட்டேன்."

"அப்ப இதான்" என்றாள் அம்மா.

அப்பாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. டீவியைச் சுற்றி வந்து கதவைத் தேடினார். ஆ லோக் அவர் தோளில் கை வைத்தார். "ஒரு வாரம் வீட்ல வச்சிப் பாருங்க அண்ணே. பிடிக்கல, என் லாரி வந்து தூக்கிக்கிட்டுப் போவும். எங்கப்பா உங்க தோட்டத்துல இப்படித்தான் ரேடியோ குடுத்தாரு. ஒன்னுகூடத் திரும்பி வரல."

வியாழக்கிழமை லாரி வந்தது. பழைய டீவியைக் கதவு மூடி மூலையில் தள்ளினார்கள். அப்பா வேலை முடிந்து வந்ததும் புது டீவிக்கு மேலே ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, ஜன்னலுக்குப் போட்டு மிஞ்சிய துணியைத் தொங்கவிட்டார். இரண்டு தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டு, "இப்ப ஒரு முறையா இருக்கு" என்றார்.

ஆறு மணிக்கு மூவரும் உட்கார்ந்தோம். தவுஃபூ கடை திடீரென்று வண்ணமாக இருந்தது. கடைக் கதவு பச்சை. மூத்தவனின் சட்டை, நாங்கள் நினைத்த மாதிரி வெள்ளை இல்லை, இளமஞ்சள். அடியில் எழுத்து வந்தது. நான்கு வருடத்தில் முதல்முறையாக இரண்டாவது வரியைப் பார்த்தேன்.

'அம்மா, தவுஃபூ தீர்ந்துவிட்டது. நாளைக்கு இன்னும் சீக்கிரம் எழுந்து அரைக்க வேண்டும்.'

அடுத்தது: 'மழை வரும்போல் இருக்கிறது. துணியை எடுத்தாயா?'

இத்தனை நாள் மரத்துக்குள் என்னென்னவோ இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரமும் அவர்கள் சோயா மொச்சையைப் பற்றித்தான் பேசினார்கள். ஆத்மா என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. நான் எழுத்தில் இருந்ததை இருந்தபடியே சொன்னேன். அப்பா கொட்டாவி விட்டார்.

"பனி நின்னுருச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"நின்னுருச்சும்மா."

"ம்" என்றாள்.

அன்று சின்னவனைப் பற்றிப் பேச்சு வரவில்லை. ஆனால் தொடர் முடிந்ததும் மறுநாள் வரப்போவதிலிருந்து இரண்டு காட்சி காட்டினார்கள். மலைச்சரிவு, கற்கள், ஊதுபத்திக் கட்டு. மறுநாள் வெள்ளிக்கிழமை. நஜ்முதீன் அண்ணன் கடைக்கு விடுமுறை.

பதுருன்னிசா அக்கா ஐந்தே முக்காலுக்கே, கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் தட்டோடு வந்துவிட்டார். அப்பா திரைத்துணியை இழுத்துத் திறந்து காட்டினார்.

"வீரம்மாக்கா, இது டீவியா ஜன்னலா? கைய விட்டா அந்தப் பக்கம் போவும் போல இருக்கு."

"உக்காருங்க. கழுத்து சுளுக்காது" என்றாள் அம்மா.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் பாயில் இருந்தேன். தட்டு எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. என்னால் ஒன்றும் சாப்பிட முடியவில்லை.

தாயும் மூத்தவனும் மலைச்சரிவில் ஏறினார்கள். ஒரு கல்லுக்கு முன்னால் நின்றார்கள். கல்லில் பதித்த வட்டப் படத்தில் சின்னவன் சிரித்துக்கொண்டிருந்தான். பழைய டீவியாக இருந்தால் கல் மரத்துக்குள் போயிருக்கும். இது எல்லாவற்றையும் காட்டியது. அடியில் இரண்டு வரியும் அசையாமல் நின்றன.

'உன் தம்பி போய் ஐந்து மாதம் ஆகிறது. கடல் அவனுடைய உடம்பைக்கூடத் திருப்பித் தரவில்லை.'

பின்னால் அக்காவின் உதடுகள் எழுத்தோடு சேர்ந்து முணுமுணுப்பது எனக்குக் கேட்டது.

"சொல்லு பாப்பா" என்றாள் அம்மா.

இந்தக் கல் வேறு யாருக்கோ என்று சொல்லலாம். படம் அந்தத் தாயின் அண்ணனுடைய இளவயதுப் படம் என்று சொல்லலாம். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நான் வாயைத் திறந்தது அதற்காக இல்லை. ஐந்து மாதம் தினமும் அவனுக்குப் புதிதாக ஒரு நாளைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

"சின்னவன் செத்துட்டான்மா" என்றேன். "இப்ப இல்ல. மார்ச் மாசமே. அந்தக் கடுதாசியில அதான் இருந்திருக்கும். எனக்கு அப்பவே தெரியும். நான்தான் மாத்திச் சொன்னேன்."

"எவன் செத்தான்?" என்றார் அப்பா, வாயில் கறிபாப்போடு.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஏழு வருசமா மெங்லெம்புல சீனப் பொம்பளைங்களோட ஒக்காந்து கச்சான் பொறுக்குறேன். வீட்ல சாவு விழுந்தா, கையில அந்தத் துணியக் குத்திக்கிட்டுத்தான் வேலைக்கி வருவாளுங்க. ஆ மோய் மாமியா செத்தப்ப ஊக்கு எடுத்துக் குடுத்ததே நான்தான். எங்கிட்டப் போயி, ஊருக்குப் போனவனுக்குக் குத்துறதாம்ல."

பதுருன்னிசா அக்கா கையிலிருந்த கறிபாப்பைத் தட்டில் வைத்துவிட்டார். "ஊருக்குப் போனவனுக்கா? யாரு அக்கா சொன்னது?"

"வேற யாரு? ஹாங்காங்ல நாலு வருசமா பனி கொட்டுதுன்னும் சொன்னா. கொட்டட்டும்னு விட்டுட்டேன்."

"பனியா? எங்க மச்சான் போய்ட்டு வந்தாரு. வெக்கை தாங்காம அங்கயே விசிறி வாங்கிட்டு வந்தாரு." அக்கா சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"தெரிஞ்சா ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்றது? அன்னிக்கி ஒன் மூஞ்சியப் பார்த்தேன். அந்தக் கெழவிய விட நீதான் அழுதுருவ போல இருந்த. பிள்ள பயந்துருச்சு, கொஞ்ச நாள் போவட்டும்னு இருந்தேன். நீயும் விடல. கண்ணச் சுருக்கிச் சுருக்கி, இல்லாத எழுத்தத் தேடி, தெனம் தலவலின்னு தைலம் தேச்சிக்கிட்டுப் படுத்த. அதான் டீவிய மாத்தலாம்னேன். எழுத்து தெரிஞ்சா இருக்கிறதப் படிச்சிட்டு நீ பாட்டுக்குப் போவல்ல."

எனக்காகத்தான் டீவி. அந்தக் கடையில், கண்ணுக்குக் கெடுதலா என்று அவள் பதறியதும் எனக்காகத்தான். ஐந்து மாதமாக அவளுக்கு நான் காவல், எனக்கு அவள் காவல். தோளிலிருந்து அரிசி மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. பயங்கரமாகப் பசித்தது. மூன்று கறிபாப் தின்றேன்.

அப்பாதான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. "அப்ப நாலு வருசமா நான் பார்த்ததெல்லாம் பொய்யா? அந்தப் போலீஸ்காரன் கல்யாணம்?"

"அது நெசம்பா."

"மீன் வெட்டுனானே கெழவன், ஆத்மா கீத்மான்னு?"

"அது நான்."

"அதானே பார்த்தேன்" என்றார் அப்பா. "மீன்காரனுக்கு ஏதுலா அவ்வளவு நேரம்."

தொடர் முடிந்து, அக்கா காலித் தட்டோடு போனபின், அம்மா அடுப்படிக்குப் போனாள். அரிசி டின் நகர்கிற சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் பையோடு வந்து என் எதிரில் பாயில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கெழவி கல்லுக்கு முன்னால ஒக்காந்து பேசுச்சு, பார்த்தியா?" என்றாள். "அதுக்காச்சும் என்னா ஏதுன்னு தெரிஞ்சிருக்கு. நான் எழுதாததுக்கு வேற காரணம் இல்ல. எழுதி, அவன் இல்லாம வேற யாராச்சும் பதில் போட்டுட்டா என்னா பண்றதுன்னுதான். எட்டு வருசம் ஓடிப்போச்சு. தாள் எடு. விலாசம் இதுல இருக்கு."

நான் பள்ளிக்கூட நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்தேன். அப்பா திரைத்துணியை மூடிவிட்டு, எழுத வெளிச்சம் போதவில்லை என்று விளக்குக்குக் கீழே என் பாயை இழுத்துப் போட்டார்.

"நான் சொல்றத மட்டும் எழுதணும்" என்றாள் அம்மா. "ஒன் இஷ்டத்துக்குப் பனி கினி போடக்கூடாது."

"போட மாட்டேன்மா."

"அன்புள்ள தம்பி சதாசிவத்துக்குன்னு போடு. நாங்க மூனு பேரும் சொகம். தோட்டம் இப்ப இல்ல, ஈப்போவுல இருக்கோம்." பையை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். "நீ எப்படி இருக்கன்னு எழுது. இல்ல, வேணாம். நீ எப்படி இருந்தாலும் எழுதிப் போடுன்னு எழுது."

எழுதினேன்.

"அடுத்து, வீட்டுக்குப் புது டீவி வந்திருக்கு. முகம் தட்டை."

"ஒரு வாரம் பார்த்துட்டுப் பிடிக்கலன்னா திருப்பிக் குடுக்கலாம்னு சொல்லு" என்றார் அப்பா.

"குடுக்க மாட்டோம்னும் போடு" என்றாள் அம்மா.

இரண்டையும், அவர்கள் சொன்னபடியே, இரண்டு வரியில் எழுதினேன்.